அந்திக்கிறிஸ்து

அந்திப் பொழுதுக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை. கிரேக்கத்தில் ‘அன்டி’ என்றால் எதிராக. ஒருவருக்குப் பதிலாக என்றும் பொருள் உண்டு. ‘கிறிஸ்தோஸ்’ அபிஷேகம் பெற்றவர். ஆக, பகைவன் மட்டுமல்ல, அவர் இடத்தில் வந்து உட்காரும் போலியும்கூட. எனக்கு இந்த இரண்டாம் பொருளே அதிக அச்சம் தருகிறது.

பழைய தமிழ் வேதாகமம் கிரேக்க ஒலியை வைத்துக்கொண்டது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘எதிர்க் கிறிஸ்து’. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சித்தூர் பக்கம் தெலுங்கு வேதாகமத்தைத் திறந்தால் ‘கிரீஸ்து விரோதி’.

வெளிப்படுத்தின விசேஷத்தில் இச்சொல் ஒருமுறைகூட இல்லை. அங்கே வருவது மிருகம். யோவானின் முதல் இரு நிருபங்களில், 4 வசனங்களில் மட்டுமே வருகிறது. ஓரிடத்தில் பன்மையிலும் உண்டு: இயேசுவே கிறிஸ்து என்பதை மறுப்பவர்கள் அநேகர். பிடிக்காத தலைவர்மேல் இப்பெயரை ஒட்டுமுன் அந்த வசனங்களை ஒருமுறை வாசியுங்கள்.