6500: யார் வீட்டு வெள்ளை?

மானிட்டர் மெனுவில் 9300, 6500, 5000னு எண்கள் பாத்திருப்பீங்க. கம்ப்யூட்டர்ல படம் வரையறவங்க "6500 வை"ன்னுதான் சொல்வாங்க. ஏன் அந்த எண்?

ஒரு கறுப்புப் பொருளைச் சூடாக்கினா சிவப்பு, மஞ்சள், வெள்ளை, அப்புறம் லேசான நீலம்னு ஒளிரும். 1900ல் மாக்ஸ் பிளாங்க் இதுக்குச் சூத்திரம் தந்தார். அந்தச் சூட்டைக் கெல்வின்ல சொன்னா நிற வெப்பநிலை. (சூடு ஏறினா ஓவியர்களுக்கு அது 'குளிர்ந்த' நிறம். வேடிக்கைதான்!)

1964ல் ஜட், மக்ஆடம், விஷெட்ஸ்கி மூவரும் பகல் வெளிச்சத்தோட 622 அளவீடுகளை அலசினாங்க. எல்லாம் அமெரிக்காவின் ராச்செஸ்டர், கனடாவின் ஒட்டாவா, இங்கிலாந்தின் என்ஃபீல்ட் வானம். நம்ம ஊர் வெயில் ஒண்ணுகூட இல்லை! அதிலிருந்து பிறந்ததுதான் டி65. பிளாங்க் சூத்திரத்தின் ஒரு மாறிலியைப் பிறகு திருத்தினதால, 6500ஆ இருந்தது 6504 ஆயிடுச்சு.

1996ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபியும் இதையே வெள்ளையா எடுத்துக்கிச்சு. ஆனா பழைய டப்பா மானிட்டர்கள் பல 9300லேயே கடைக்கு வந்துச்சு, பளிச்னு தெரியுமே! அந்த நீலத்தைச் சரிக்கட்ட மஞ்சளைக் கூட்டி வரைஞ்சா, 6500ல பாக்கிறவங்களுக்குப் படமே மஞ்சள் பூத்துத் தெரியும். அச்சுக்குப் போற படம்னா கணக்கு வேற, அங்க டி50.