டி.என்.ஏ.: கட்டமைப்பும் நியூக்கிளியோதைட்டுகளும்

டி.என்.ஏ. என்பது உயிர்க் கலங்களில் பரம்பரைத் தகவலைத் தாங்கும் நீண்ட மூலக்கூறு. நியூக்கிளியோதைட்டுகள் கோர்க்கப்பட்ட இரண்டு சங்கிலிகள், ஒன்றையொன்று சுற்றிச் சுருளியாக அமைந்திருக்கும். ஒவ்வொரு நியூக்கிளியோதைட்டிலும் ஐந்து காபன் அணுக்கள் கொண்ட டிஒட்சிரைபோசு வெல்லம், பொசுபேற்றுக் கூட்டம், நைதரசன் மூலம் ஆகிய மூன்றும் உண்டு. வெல்லமும் பொசுபேற்றும் மாறி மாறி இணைந்து சங்கிலியின் முதுகெலும்பாகின்றன. இப்பகுதி எல்லா உயிரிலும் ஒன்றே. ஆளை அடையாளம் காண இதில் எதுவுமில்லை.

வேறுபாடு மூலங்களின் வரிசையில் இருக்கிறது. அடினீன், தைமின், குவானீன், சைற்றோசின் என மூலங்கள் நான்கு. அடினீன் தைமினோடு இரண்டு ஐதரசன் பிணைப்புகளாலும், குவானீன் சைற்றோசினோடு மூன்றாலும் சேரும். சங்கிலிகள் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகின்றன. சுருளியின் அகலம் ஏறத்தாழ 2 நனோமீற்றர். அடுத்தடுத்த சோடிகளின் இடைவெளி 0.34 நனோமீற்றர். ஆயினும் மனிதக் கலமொன்றின் டி.என்.ஏ.யை நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். இவ்வமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953இல் வெளியிட்டனர். ரொசலின்ட் பிராங்கிளினின் எக்ஸ்-கதிர்ப் படங்கள் இல்லாமல் அது அவர்களுக்கு அவ்வளவு எளிதில் கைகூடியிராது.

மூல வரிசை எப்படிச் சான்றாகிறது என்பதைக் கிழக்கிலங்கை 2005இல் கண்டது. முந்திய ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி சுனாமிக்குப் பின் கைக்குழந்தை ஒன்று மட்டக்களப்பு வாவியின் தென்முனையை அடுத்த கல்முனையின் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. அன்று சேர்க்கப்பட்ட 81ஆவது ஆள் என்பதால் அவ்விலக்கமே அதன் பெயராயிற்று. ஒன்பது தாய்மார் உரிமை கோரியதாக உலகச் செய்திகள் பரப்பின. முறைப்படி கோரியவர்களோ ஒரே தம்பதியர். நீதிமன்றம் பரிசோதனைக்குக் கட்டளையிட, கொழும்பில் அது நடந்தது. பெப்ரவரி 14ஆம் திகதி முடிவு அறிவிக்கப்பட்டது; 16ஆம் திகதி குழந்தை பெற்றோர் கைக்கு வந்தது.

இத்தகைய பரிசோதனைகள் முழு வரிசையையும் வாசிப்பதில்லை. நிறமூர்த்தங்களின் சில இடங்களில் சிறு தொடரொன்று, உதாரணமாக அடினீன்–குவானீன்–அடினீன்–தைமின், திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்காள் மாறும். ஓரிடத்தில் பிள்ளைக்கு 9, 12 தடவைகள் என்றால், ஒன்று தாயிடமும் மற்றது தந்தையிடமும் இருக்க வேண்டும். ஓரிடப் பொருத்தம் தற்செயலாகலாம். பல இடங்கள் ஒருங்கே பொருந்தினால் ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு.

பெற்றோர் இருவரும் இல்லாதபோது இழைமணிகளில் உள்ள டி.என்.ஏ. உதவும். 16,569 மூலச் சோடிகள் கொண்ட இந்தச் சிறு வளையம் தாய்வழியே மட்டும் வருவது. மட்டக்களப்பாருக்கு இதை விளக்கக் குடிமுறையே போதும்: மகனும் மகளும் தாயின் குடியைப் பெறுவர், ஆனால் மகனின் பிள்ளைகள் அவன் மனைவியின் குடி. ஆகவே தாய்வழிப் பாட்டியின் மாதிரி இங்கே பயன்படும். தந்தைவழிப் பாட்டியினது பயன்படாது.