எஸ்.ஏ.டி. தேர்வு: கட்டாயமும் விருப்பமும்

ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும் மாணவர் பத்து அளவீடுகள் எடுக்கிறார். அவற்றுள் இரண்டு, வரைபடத்தின் நேர்கோட்டில் அமைய மறுக்கின்றன. அவற்றை அடித்துவிட்டு, எட்டை மட்டும் பதிவேட்டில் எழுதிக் கொண்டு வருகிறார். வரைபடம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், காட்டுவதையும் மறைப்பதையும் தாமே தெரிவு செய்து கொண்ட பிறகு, அந்தக் கோடு எதைச் சொல்கிறது என்று எப்படி நம்புவது? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெயர் பெற்ற கல்லூரிகள் 2020-க்குப் பின் ஏறத்தாழ இதே சிக்கலில் அகப்பட்டுக் கொண்டன. அதன் வேர்களைத் தேடினால் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டுக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நுழைவுத் தேர்வு நடத்தி வந்தன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் என்ற அமைப்பு தோன்றியது. 1901 ஜூன் மாதம் அது நடத்திய முதல் தேர்வை எழுதியவர்கள் 973 பேர் மட்டுமே. இலத்தீன், கிரேக்கம், கணிதம், இயற்பியல் எனப் பாடவாரியாகக் கட்டுரை வடிவில் விடை எழுத வேண்டும். இலத்தீன் கற்பிக்காத சிற்றூர்ப் பள்ளியில் படித்தவருக்கு இதில் என்ன வாய்ப்பு இருந்திருக்கும்?

முதல் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் படைவீரர்களுக்கென ஓர் அறிவுச் சோதனை உருவாயிற்று. சுமார் 17 இலட்சம் பேர் அதற்கு உட்படுத்தப்பட்டனர். அப்பணியில் ஈடுபட்டிருந்த கார்ல் பிரிகாம், பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆசிரியரானார். அவர் 1923-ல் வெளியிட்ட நூல், வட ஐரோப்பிய இனத்தவரே அறிவில் உயர்ந்தவர்கள் என்று வாதிட்டது. அவர் கையிலிருந்த புள்ளிகளோ வேறொன்றைச் சொல்லிக் கொண்டிருந்தன. குடியேறியவர்களுள் அமெரிக்காவில் அதிக ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் அதிக மதிப்பெண் பெற்றிருந்தனர். மொழியும் பழக்கமும் வந்ததால் மதிப்பெண் கூடியது என்று எளிய வாசகனுக்கும் தோன்றும். பிரிகாமோ, முன்பு வந்தவர்கள் உயர்ந்த இனத்தவர், பின்பு வந்தவர்கள் தாழ்ந்த இனத்தவர் என்று விளக்கம் தந்தார்! 1930-ல் தம் முடிவுகள் ஆதாரமற்றவை என்று அவரே வெளிப்படையாக எழுதித் திரும்பப் பெற்றார். அந்த நேர்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்குள் அவர் வடிவமைத்த தேர்வு பிறந்துவிட்டது. 1926 ஜூன் 23 அன்று 8,040 பேர் முதல் எஸ்.ஏ.டி. தேர்வை எழுதினர். 97 நிமிடங்களில் 315 வினாக்கள்! எதிர்ச்சொற்கள், எண் தொடர்கள் ஆகியவற்றோடு, தேர்வுக்கெனவே புனையப்பட்ட ஒரு செயற்கை மொழியிலும் வினாக்கள் இருந்தன.

இத்தேர்வுக்குச் செல்வாக்குத் தேடித் தந்தவர் ஒரு வேதியியலாளர். 1933-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவரான ஜேம்ஸ் கோனன்ட், கிழக்குக் கரையின் செல்வக் குடும்பத்துப் பிள்ளைகளால் நிரம்பியிருந்த தம் கல்லூரிக்கு நாட்டின் உட்பகுதிகளிலிருந்தும் திறமைசாலிகளைக் கொண்டுவர விரும்பினார். அதற்கான உதவித்தொகைக்கு ஆள் தேர்ந்தெடுக்க எஸ்.ஏ.டி. பயன்பட்டது. அப்படி இல்லினாய் மாநிலத்திலிருந்து 1935-ல் ஹார்வர்டு வந்து சேர்ந்த ஒரு மாணவர்தான் ஜேம்ஸ் டோபின். 1981-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவரே.

ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை எப்படித் திருத்துவது? இங்கே என் பாடம் குறுக்கிடுவதால் சற்றுத் தங்கிச் செல்கிறேன். ரெய்னால்டு ஜான்சன் என்ற உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர், பென்சில் முனையிலுள்ள கிராஃபைட் ஒரு மின்கடத்தி என்பதைப் பயன்படுத்திக் கொண்டார். சரியான இடத்தில் பென்சில் கோடு இருந்தால் மின்சுற்று மூடி, சிறிது மின்னோட்டம் பாயும். எல்லாச் சரியான விடைகளின் மின்னோட்டங்களும் கூடி மின்னோட்ட அளவியின் முள்ளை நகர்த்தும். முள் காட்டுவதே மதிப்பெண். ஆனால் ஒருவர் அழுத்தி எழுதுவார், மற்றொருவர் மெலிதாகத் தீட்டுவார். கோட்டின் மின்தடை ஆளுக்கு ஆள் மாறும். ஜான்சன் ஒவ்வொரு சுற்றிலும் மிகப் பெரிய மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்தார். அதன் முன் பென்சில் கோட்டின் வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லாமற் போயிற்று. ஐ.பி.எம். நிறுவனம் 1938-ல் 805 என்ற பெயரில் இந்த எந்திரத்தை வெளியிட்டது. பின்னாளில் முதல் காந்தத் தட்டு நினைவகத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் இதே ஜான்சன்தான். திருத்தும் செலவு குறைந்ததும் தேர்வு நாடெங்கும் பரவியது.

எதிர்ப்பும் உடன் வளர்ந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சராசரியாக அதிக மதிப்பெண் பெறுகிறார்கள். தனிப்பயிற்சிக்குக் காசு வேண்டும். இதை யாரும் மறுக்க முடியாது. மெய்ன் மாநிலத்தின் பௌடன் கல்லூரி 1969-லேயே, மதிப்பெண்ணை அனுப்புவது மாணவர் விருப்பம் என்று அறிவித்தது. அதே மாநிலத்தின் பேட்ஸ் கல்லூரி 1984-ல் அவ்வழியில் இறங்கி, இருபது ஆண்டு அனுபவத்தைப் பின்னர் வெளியிட்டது. மதிப்பெண் அனுப்பாமல் சேர்ந்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர். அனுப்பியவருக்கும் அனுப்பாதவருக்கும் பட்டம் முடிக்கும் விகிதத்தில் இருந்த வேறுபாடு வெறும் 0.1 விழுக்காடு. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பொறுமையாகப் படிக்கும் சிறு கல்லூரியில் இது இயலும். பல்லாயிரம் விண்ணப்பங்கள் குவியும் இடத்துக்கும் இது பொருந்துமா என்பது வேறு வினா.

அதற்கான சோதனையைக் கொரோனாத் தொற்று தானே நடத்திவிட்டது. 2020-ல் தேர்வு மையங்கள் மூடப்படவே, புகழ்பெற்ற கல்லூரிகள் பலவும் தேர்வை விருப்பத்துக்கு விட்டன. ஹார்வர்டுக்கு வந்த விண்ணப்பங்கள் ஒரே ஆண்டில் சுமார் 40 ஆயிரத்திலிருந்து 57 ஆயிரத்துக்கு மேல் ஏறின.

முதலில் பின்வாங்கியது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். 2022 மார்ச்சில் அது தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. அங்கே எந்தத் துறையில் சேர்ந்தாலும் நுண்கணிதமும் இயற்பியலும் இரண்டிரண்டு பருவங்கள் படித்தாக வேண்டும். உயர்நிலைக் கணிதப் பாடமே இல்லாத பள்ளியிலிருந்து வரும் ஏழை மாணவர் தம் கணிதத் திறனைக் காட்ட இத்தேர்வு உதவுகிறது என்று கழகம் காரணம் கூறியது.

2024 பிப்ரவரியில் டார்ட்மத் கல்லூரியின் பேராசிரியர்கள் நால்வர் தந்த அறிக்கை இன்னும் வியப்பூட்டுவது. 1600-க்கு 1400 அளவில் பெற்ற வசதியற்ற மாணவர்கள் பலர், அது போதாது என்றெண்ணி மறைத்திருந்தனர். அதிக மதிப்பெண் பெற்றவர் மட்டுமே அனுப்புவதால், கல்லூரி வெளியிடும் இடைநிலை மதிப்பெண் மேலே போகிறது. 1500-க்கு மேலான அந்த எண்ணைப் பார்த்து 1400 பெற்றவர் தயங்குகிறார். அவரும் ஒதுங்கவே எண் மேலும் ஏறுகிறது. ஆனால் சேர்க்கை அலுவலர்களோ, சராசரி 1000 அளவிலுள்ள ஒரு பள்ளியிலிருந்து 1400 வந்தால், அதைப் பெரிய சாதனையாகவே கருதியிருப்பார்கள். மாணவருக்குச் சலுகையாக வந்த விதி, அவர் கையிலிருந்த நல்ல சான்றையே பிடுங்கிக் கொண்டது! டார்ட்மத் அம்மாதமே பழைய முறைக்குத் திரும்பியது. அவ்வாண்டு வசந்தத்தில் பிரௌன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவையும் திரும்பின.

தேர்வை நீக்கினால் பணத்தின் செல்வாக்கு நீங்கும் என்பதும் சரியன்று. புதுதில்லியில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2023-ல் காட்டிய கணக்கு இது: ஒரே தேர்வு மதிப்பெண் பெற்றவர்களை ஒப்பிட்டாலும், மேல்தட்டு ஒரு விழுக்காட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் இக்கல்லூரிகளில் படிக்கும் வாய்ப்பு, நடுத்தர வீட்டுப் பிள்ளைகளைப் போல் இரு மடங்குக்கும் மேல். பழைய மாணவரின் வாரிசு என்ற தகுதி, விளையாட்டு வீரருக்கான இடம், பாடஞ்சாராத திறன்களுக்கான மதிப்பீடு ஆகியவையே காரணம்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் மட்டும் வேறு பாதையில் போயிற்று. தேர்வைக் கைவிட வேண்டாம் என்று 2020-ல் அதன் ஆசிரியர் குழு ஆய்ந்து சொன்ன பிறகும், ஆட்சிக் குழு அதை நீக்க முடிவு செய்தது. 2021-ல் ஒரு வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, மாணவரே விரும்பி அனுப்பினாலும் சேர்க்கைக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை என்றாயிற்று. அங்கே விண்ணப்பிக்கும் சிற்றூர் மாணவரின் 1400, யார் கண்ணிலும் படாமல் அவர் வீட்டிலேயே இருக்கும்.