வேலைக்கல்ல, சும்மா பார்க்க: அலவத்துகொடயிலிருந்து வியட்நாமுக்கு இருவர் போய்வந்த கணக்கு

வியட்நாம் போகிறோம் என்று சொன்னபோது எங்கள் ஊரில் அநேகமாக எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். “வேலைக்கா?”

அலவத்துகொட, அக்குறணைப் பக்கத்தில் வெளிநாடு என்றால் மூன்று வகை. ஹஜ், உம்றாவுக்கு மக்கா. உழைக்க சவூதி, குவைத், கட்டார். வியாபாரத்துக்கும் வைத்தியத்துக்கும் சென்னை. காசிருப்பவர்கள் மலேசியா, சிங்கப்பூர் போய் வருவார்கள். வெறுமனே பார்த்துவிட்டு வர, அதுவும் யாருக்கும் தெரியாத ஒரு நாட்டுக்கு, 62 வயது உம்மாவும் மகளும் தனியே போவதை எந்த வகையில் சேர்ப்பது என்று கேட்டவர்களுக்குப் புரியவில்லை.

உம்மாவுக்கு இது இரண்டாவது வெளிநாட்டுப் பயணம். முதலாவது 1988இல், வீட்டுப் பணிப்பெண்ணாக குவைத்துக்கு. 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் நுழைந்தபோது அவருடைய கடவுச்சீட்டு எசமானரின் அலுமாரிக்குள் இருந்தது. அது இல்லாமலேயே ஆயிரக்கணக்கானவர்களோடு ஈராக் வழியாக ஜோர்தானுக்குப் போய், முகாமில் தங்கி ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு 34 வருடங்கள் உம்மா கடவுச்சீட்டு எடுக்கவே இல்லை.

இருவரும் சேர்ந்து ஒரு சீட்டுப் போட்டோம். 18 பேர், மாதம் 25,000 ரூபா. அதில் 15,000 என்னுடையது, 10,000 உம்மாவுடையது. எங்கள் முறைக்குக் கிடைத்த 4 இலட்சத்து 50 ஆயிரத்துக்குள் பயணம் முடிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 2025 பெப்ரவரியில் போய் வந்தோம். அதே வழியில் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று கணக்கையும் தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

ஏன் வியட்நாம்?

இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு நாடு தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது அழகை அல்ல, விசாவை. தூதரகத்துக்கு அலையாமல், வங்கிக் கணக்கு விபரம் காட்டாமல் போகக்கூடிய நாடுகள் குறைவு. வியட்நாம் 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் மின்விசாவைத் திறந்துவிட்டது. 90 நாள் வரை செல்லும். ஒரு தடவை நுழைய 25 டொலர், பல தடவை நுழைய 50 டொலர்.

இரண்டாவது காரணம் விலைவாசி. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது பயணக் கனவுகள் பலவும் கலைந்தன. நாங்கள் போன நேரத்தில் டொலர் 300க்குச் சற்றுக் கீழே இருந்தது. இந்த நிலையில், தரையிறங்கிய பிறகு ஆகும் செலவு நம் ஊர்ச் செலவை ஒத்திருக்கும் நாட்டையே பார்க்க வேண்டும். வியட்நாமில் சாப்பாடும் அறையும் கண்டி நகர விலைக்குக் கிட்டத்தட்ட வருகின்றன.

எப்போது போவது?

வியட்நாம் வடக்குத் தெற்காக நீண்ட நாடு, ஒரே காலநிலை கிடையாது. தெற்கில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. நடுப்பகுதியில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கடும் மழை, ஹோய் ஆன் நகரில் வெள்ளமே வரும். வடக்கு டிசம்பர், ஜனவரியில் குளிரும். ‘தெட்’ எனப்படும் சந்திரப் புத்தாண்டு வாரத்தில் கடைகள் பூட்டப்படும், ரயிலில் இடம் கிடைக்காது, விலையும் ஏறும். 2025இல் தெட் ஜனவரி 29. நோன்பு மார்ச் தொடக்கத்தில். ஆகவே இரண்டுக்கும் இடையில், பெப்ரவரி நடுப்பகுதியைத் தெரிவு செய்தோம்.

முதலில் கடவுச்சீட்டு, பிறகு டிக்கெட்

2024 பிற்பகுதியில் நாடு முழுவதும் கடவுச்சீட்டுத் தட்டுப்பாடு இருந்தது நினைவிருக்கும். மலிவான டிக்கெட்டைக் கண்டு முதலில் அதை வாங்கிவிட்டு, கடவுச்சீட்டுக்கு அலையாதீர்கள். சாதாரண சேவைக்கு நம் பகுதியினர் பத்தரமுல்லைக்குப் போகத் தேவையில்லை, கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பழைய கடவுச்சீட்டு உள்ளவர்கள், பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

விசாவுக்கு வியட்நாம் அரசின் தளத்தில் மட்டுமே விண்ணப்பியுங்கள். அதன் முகவரி ‘கவ் டொட் வீஎன்’ என்று முடியும். தேடும்போது மேலே வரும் வேறு பல தளங்கள் தரகர்களுடையவை, இரண்டு மூன்று மடங்கு அறவிடுவார்கள். கடவுச்சீட்டின் தகவல் பக்கமும் ஒரு படமும் போதும். எந்த விமான நிலையத்தால் நுழைகிறீர்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். மூன்று வேலை நாள் என்கிறார்கள், எங்களுக்கு ஐந்து நாள் எடுத்தது. கிடைத்ததும் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

இங்கேதான் என் முதல் தவறு. நம்மவர்களின் பெயர் அமைப்பு, படிவத்தில் கேட்கும் ‘குடும்பப் பெயர்’, ‘ஏனைய பெயர்கள்’ என்ற பிரிவுக்குள் ஒழுங்காக அடங்காது. உம்மாவின் பெயரில் வாப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர் எல்லாம் இருக்கின்றன. நீளமாக இருக்கிறதே என்று ஒரு பெயரை விட்டுவிட்டேன். விசா வந்த பிறகுதான் கவனித்தேன். கட்டிய பணம் திரும்பாது. புதிதாக விண்ணப்பித்து இன்னொரு 25 டொலர் கட்டினேன். கடவுச்சீட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே இடுங்கள், உங்களுக்குப் பிழையாகத் தெரிந்தாலும்.

விமான டிக்கெட்டில் ஒரு பொறி

நாங்கள் கோலாலம்பூர் வழியாக ஹோ சி மின் நகருக்கு, அதாவது பழைய சைகோனுக்குப் போனோம். கொழும்பு–கோலாலம்பூர் ஒன்று, கோலாலம்பூர்–சைகோன் ஒன்று என்று தனித்தனியாக வாங்கினால் சில வேளை மலிவாகத் தெரியும். ஆனால் தனித்தனி டிக்கெட்டில் பயணப் பெட்டியை இடையில் எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அதற்கு மலேசியக் குடிவரவைக் கடக்க வேண்டும். இலங்கையருக்கு மலேசியாவுக்குள் நுழைய முன்கூட்டியே விசா தேவை. அது இல்லாவிட்டால் கட்டுநாயக்கவிலேயே ஏற்ற மறுக்கலாம். கொழும்பிலிருந்து சைகோன் வரை ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள், பெட்டி நேரே போய்ச் சேருமா என்றும் கேளுங்கள். சிங்கப்பூர் வழியாகப் போனால் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே இலங்கையர் விசா இல்லாமல் நுழையலாம்.

கட்டுநாயக்கவில் கேள்விகளுக்கும் தயாராக இருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போய் ஏமாறும் பெண்கள், மியன்மாரின் மியாவாடி இணைய மோசடி முகாம்களில் சிக்கிய இளைஞர்கள் என்று நடந்தவை கொஞ்சமல்ல. திரும்பும் டிக்கெட், அறை முன்பதிவு, பயண நாட்குறிப்பு மூன்றையும் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். எங்களிடமும் “வேலைக்கா?” என்று கேட்டார்கள். உம்மா நிமிர்ந்து, “இல்ல மகன், சும்மா பாக்க” என்றார். அவர் அந்த வசனத்தைப் பல நாட்களாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் போல.

பணமும் பூச்சியங்களும்

வியட்நாம் நாணயம் டொங். ஒரு டொலர் 25,000 டொங்குக்கு மேல். எளிய கணக்கு: கடைசி மூன்று பூச்சியங்களை வெட்டி 12ஆல் பெருக்கினால் இலங்கை ரூபா. 50,000 டொங் சூப் என்றால் 600 ரூபா. 20,000 தாளும் 5 இலட்சம் தாளும் நீல நிறச் சாயலில் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். இரவில் வாடகை வண்டிக்குக் கொடுக்கும்போது கவனம். பெரிய தாள்களை வேறு பையில் வைத்துவிடுங்கள்.

டொலரை அனுமதி பெற்ற இடத்தில் கடவுச்சீட்டும் டிக்கெட்டும் காட்டி வாங்கி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கசங்காத 100 டொலர் தாள்களுக்கே அங்கே நல்ல விலை. வங்கி அட்டையை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

பாதையும் பார்த்தவையும்

எட்டு இரவுகள்: சைகோனில் மூன்று, ரயிலில் ஒன்று, ஹோய் ஆனில் மூன்று, திரும்பி சைகோனில் ஒன்று. ஹனோய், ஹா லோங் குடாவை விட்டுவிட்டோம். எல்லாவற்றையும் பார்க்கப் போனால் காசு போக்குவரத்திலேயே கரைந்துவிடும்.

சைகோனில் முதல் மெட்ரோ பாதை 2024 டிசம்பர் 22 அன்றுதான் திறக்கப்பட்டது. 19.7 கிலோமீற்றர், 14 நிலையங்கள். மற்ற இடங்களுக்கு ‘கிராப்’ செயலியில் வண்டி பிடித்தோம், பேரம் பேசும் தொல்லை இல்லை. வீதி கடப்பது மட்டும் பயம். மோட்டார் சைக்கிள்கள் நிற்காது. ஒரே வேகத்தில் மெதுவாக நடந்தால் அவை விலகிப் போகும், நடுவில் திடீரென்று நிற்கவோ ஓடவோ கூடாது.

எங்கள் மொழி பேசியவர்களின் தடம் இந்த நகரில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இங்கே வட்டித் தொழில் செய்தார்கள். பென் தான் சந்தைக்கு அருகில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, இன்று அங்கே கும்பிடுவோரில் பெரும்பாலோர் வியட்நாமியர். டொங் யூ வீதியில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலும் இருக்கிறது. உயர்ந்த ஹோட்டல்களுக்கு நடுவில் வெள்ளையும் நீலமுமாக நிற்கும் அதன் முன்னே உம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஹலால் சாப்பாட்டுக்கு பென் தான் சந்தையை ஒட்டிய நுயென் ஆன் நின் வீதி வசதி, மலேசியர் வரும் கடைகள் வரிசையாக உண்டு. சைவ உணவுக்கு ‘சாய்’ என்ற சொல்லைத் தேடுங்கள். பௌத்த மரபில் வந்த சைவக் கடைகள் எங்கும் இருக்கின்றன. சாதாரணக் கடையில் மரக்கறி என்று தருவதில் மீன் சாறு கலந்திருக்கலாம், ஆகவே ‘சாய்’ என்று எழுதிய கடையே நம்பிக்கை.

ரயிலில் டா நாங்குக்கு 935 கிலோமீற்றர், ஏறத்தாழ 17 மணித்தியாலம். நான்கு படுக்கை உள்ள பெட்டியில் கீழ்ப் படுக்கை வயதானவர்களுக்கு நல்லது. டா நாங்கிலிருந்து ஹோய் ஆன் 30 கிலோமீற்றர், அங்கே ரயில் இல்லை. ஹோய் ஆனிலிருந்து ஒரு காலை மீ சன் போனோம். 4ஆம் நூற்றாண்டிலிருந்து சம்பா அரசர்கள் சிவனுக்கு எழுப்பிய செங்கற் கோயில்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் அழிந்தது. 1999 முதல் யுனெஸ்கோ மரபுரிமைத் தளம். இந்தியத் தொல்லியல் துறை புனரமைத்தபோது 2020இல் ஒரே கல்லில் செதுக்கிய இலிங்கம் வெளிப்பட்டது.

கடவுச்சீட்டைக் கொடுப்பதா?

வியட்நாமில் தங்கும் விடுதிகள் விருந்தினர் விபரத்தைப் பொலிசாருக்குப் பதிய வேண்டும். அதற்காகக் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். சில இடங்களில் அறையை விட்டுப் போகும்வரை தாங்களே வைத்துக்கொள்வதும் வழக்கம். முதல் நாளிரவு ஒரு விடுதி முகப்பில் இருந்த பெண்பிள்ளை சிரித்தபடி கை நீட்டியபோது உம்மா தன்னுடையதைக் கைப்பைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டார். “இத வாங்கினா திருப்பித் தர மாட்டாங்க” என்றார் என்னிடம், மெதுவாக. அந்தப் பிள்ளைக்கு எதுவும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

கைபேசி மொழிபெயர்ப்பில் கேட்டேன், இப்போதே பிரதி எடுத்துவிட்டுத் தர முடியுமா என்று. முடியும் என்றார். இரண்டு நிமிடம். உம்மா பிரதி எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டார். பிறகு எல்லா விடுதியிலும் இதையே செய்தோம், எவரும் மறுக்கவில்லை. நீங்களும் கேளுங்கள். அது தொலைந்தால் உங்கள் பயணமே நின்றுவிடும். பிரதியொன்றைத் தனியாக, படமொன்றைக் கைபேசியில் வைத்திருங்கள்.

இருவருக்கான செலவு

விமான டிக்கெட்: 2,24,000 ரூபா
விசா (என் தவறோடு 75 டொலர்): 22,500
ஏழு இரவு அறை: 42,000
ரயில் படுக்கை: 24,000
டா நாங்–சைகோன் விமானம்: 30,000
சாப்பாடு: 43,200
உள்ளூர்ப் போக்குவரத்து: 24,000
மீ சன், ஹோய் ஆன், போர் நினைவு அருங்காட்சியக நுழைவு: 7,440
சிம் அட்டை: 3,000
பயணக் காப்புறுதி: 9,000
அலவத்துகொட–கட்டுநாயக்க வான், போகவர: 28,000
மொத்தம்: 4,57,140

சீட்டுக் காசுக்கு மேலே 7,140 ரூபா போனது. பிழையாகப் போட்ட விசா இல்லாவிட்டால் உள்ளே அடங்கியிருக்கும். மொத்தத்தில் ஏறத்தாழ பாதி சர்வதேச விமான டிக்கெட்டுக்கே போயிருப்பதைக் கவனியுங்கள். சாப்பாட்டிலும் அறையிலும் நெருக்கிப் பிடித்து மிச்சம் பிடிப்பதை விட, டிக்கெட்டை நேரகாலத்தோடு பார்ப்பதில்தான் உண்மையான சேமிப்பு. வானுக்குப் பதில் கண்டியிலிருந்து பஸ்ஸில் போனால் இன்னும் 25,000 வரை குறையும். உம்மாவின் முழங்கால் வலிக்காக அதை நான் செலவழித்தேன். காப்புறுதியை மட்டும் குறைக்காதீர்கள்.

குவைத்திலிருந்து திரும்பியபோது உம்மாவிடம் உடுத்த உடுப்பைத் தவிர எதுவுமிருக்கவில்லை என்பார்கள். இம்முறை ஹோய் ஆனில் வாங்கிய காகித விளக்கு ஒன்று முன் அறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள். கடவுச்சீட்டு அலுமாரியில், சாவி உம்மாவின் முந்தானையில்.