உடுக்கையும் அறிதுயிலும்

கவனத்தை ஒன்றில் குவியவைத்து, அந்த நிலையில் சொல்லப்படும் சொல்லை மனம் ஏற்கும்படி செய்வதே அறிதுயில் எனப்படும் ஹிப்னாடிசம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வறண்ட ஊர்களில் கோடாங்கி (உடுக்கையடித்துக் குறி சொல்பவர்) பார்க்கும் வழக்கத்திலும் இந்த இரண்டு கூறுகளும் உண்டு.

பேய் பிடித்ததாகக் கருதப்படும் பெண்ணைக் கோடாங்கியின் முன் உட்கார வைப்பார்கள். திருநீறு, வேப்பிலை, எலுமிச்சை, சாம்பிராணிப் புகை. உடுக்கை மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். அவிழ்ந்த தலைமுடியோடு அவள் சுழன்றாடத் தொடங்கியதும் கேள்விகள் வரும்: "நீ யாரு? எங்கன பிடிச்ச? என்ன வேணும்?" மருமகளாக வாய் திறக்க முடியாதவள் பேயாகப் பேசிவிடுவாள்; ஏச்சும் ஏக்கமும் ஊரறிய வெளியே வரும். கேட்டதைக் கொடுத்து, போகிறேன் என்று வாக்கு வாங்கி, உச்சிமுடியைப் புளியமரத்தில் ஆணியடித்ததும் சடங்கு முடியும். தாளம், ஊரே கொண்ட நம்பிக்கை, அதட்டும் குரல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இதில் வேலை செய்தன. மனக்குமைச்சலுக்கு இது வடிகாலானது உண்மை. வலிப்பையும் மனச்சிதைவையும் இதே வழியில் தீர்க்கப் பார்த்ததுதான் கேடு.

மேல்நாட்டில் அறிதுயில் கலை மெஸ்மர் என்ற மருத்துவரின் பெயரால் பரவியது. அவர் சொன்ன 'காந்த ஓட்டம்' என்று எதுவும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று 1784-இல் பிரான்ஸ் மன்னர் அமைத்த குழு முடிவு சொன்னது. அதற்குப் பிறகும் அது இந்தியாவில் அறுவை மேசைவரை வந்தது. வங்காளத்து ஹூக்ளியில் 1845 ஏப்ரலில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், ஒரு சிறைக்கைதியிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். பின்னர் அவருடைய உள்ளூர் உதவியாளர்கள் இருட்டறையில் நோயாளியின் உடலுக்கு மேலே மணிக்கணக்கில் கைகளை ஓட்டுவார்கள். உணர்ச்சி மரத்துவிட்டதா என்று பார்த்த பிறகே கத்தி வைப்பார்கள். 1846-இல் கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு மருத்துவமனையும் திறந்தது. ஆனால் ஈதரும் குளோரோஃபார்மும் சில நிமிடங்களில் அதே பலனைத் தந்ததால் எஸ்டெய்லின் முறை நிலைக்கவில்லை. இதற்கு முன்பே 1843-இல் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட், காந்தத்தை விட்டுவிட்டு கவனக்குவிப்பைக் கொண்டு இதை விளக்கி, ஹிப்னாடிசம் என்ற பெயரை நிலைக்கச் செய்தார்.

பெயர் துயிலைக் குறித்தாலும் இது தூக்கமன்று. 1879-இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, சிறுவயதில் அடித்தாலும் எழாத அளவுக்குத் தூங்கினார் என்று அவர் வரலாறு கூறும். அப்படி ஒருவர் தூங்கிவிட்டால் மருத்துவர் சொல்வது காதில் ஏறாது. அறிதுயிலில் இருப்பவருக்கோ எல்லாம் கேட்கும். தமக்கு ஒவ்வாததை அவரால் மறுக்கவும் முடியும்.

1955-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இதைச் சிகிச்சைக்கு உதவும் முறையாக ஏற்றது. வலி, பதற்றம், பல் சிகிச்சை பற்றிய பயம், எரிச்சல் குடல் நோய் ஆகியவற்றில் மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். மறந்துபோன நினைவை மீட்க இதை நம்பக்கூடாது. இல்லாத நினைவும் உண்மைபோல உருவாகிவிடும்.

மனச்சிதைவுக்கும் வலிப்புக்கும் மருத்துவச் சிகிச்சைதான் வழி; நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் கேடுதான். பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் மறுகோடியில், குணமாகும் என்று நம்பி மனநோயாளிகளைத் தர்காவுக்குக் கொண்டுவந்த ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று மனநல ஆலோசனைக்கு எந்த ஊரிலிருந்தும் 14416 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.