முழங்காலுக்கு வந்த சுரம்

பெடல் ஸ்டீல் கிட்டாரைப் புரிந்துகொள்ளக் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மேலே தெரிவது எளிய சங்கதி. நாலு கால் போட்ட மேசை மாதிரி ஒரு மரப்பலகை, அதன்மேல் பத்துத் தந்தி. மெட்டுகள் கிடையாது, மெட்டு இருக்க வேண்டிய இடங்களில் வெறும் கோடுகள்தான். வாசிப்பவர் இடது கையில் உருளையான எஃகுக் கட்டை ஒன்றைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறார். கோட்டுவாத்தியக் கச்சேரி பார்த்தவருக்கு இதுவரை வியப்பு ஒன்றும் இருக்காது.

அடியில்தான் இன்னொரு உலகம் இருக்கிறது. மெல்லிய இழுகம்பிகள் வரிசையாக ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டும் தண்டுகள், தண்டுகளில் சின்னச் சின்னக் கொண்டிகள். தரையிலிருக்கும் மூன்று மிதிகளிலிருந்து மேலேறிவரும் கம்பிகள். இவற்றுக்கு நடுவே, உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு இருபுறமும் தொங்கும் உலோகப் பட்டைகள். அவைதான் நீ லீவர்கள், முழங்கால் நெம்புகோல்கள். அவை எப்படி அங்கே வந்து சேர்ந்தன, அவற்றில் எவை உண்மையாகவே வேலை செய்பவை என்பதுதான் என் பேச்சு.

பயணம் ஹவாயில் தொடங்குகிறது. ஓவாஹு தீவின் லாயியே ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிட்டாரை மடியில் படுக்கவைத்து எஃகுத் துண்டால் வழுக்கி வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய உலகப் பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவுக்கு ஹவாய் இசைப் பித்துப் பிடித்தது. 1932-இல் ரிக்கன்பேக்கரின் மின்சார மடிக் கிட்டார் சந்தைக்கு வந்தது. உருவத்தைப் பார்த்து அதற்கு வாணலி என்று பெயர் வைத்தார்கள்.

அதே எஃகுக் கட்டை நம் பக்கமும் வந்தது. ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். பின்னால் பிரிஜ் பூஷண் கப்ராவும் விஸ்வ மோகன் பட்டும் அந்தக் கிட்டாரை ராகத்துக்குப் பழக்கினார்கள். இங்கே யாரும் அதற்கு மிதியும் நெம்புகோலும் தேடவில்லை. ராகத்துக்கு ஆதார சுருதி ஒன்று போதும், அடியில் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம், மாறிக்கொண்டே இருக்க வேண்டிய தேவை இல்லை. அமெரிக்காவில் ஒரு நாட்டுப்புறப் பாட்டுக்குக்கூட இரண்டு வரிக்கு ஒருமுறை கார்ட் மாறியாக வேண்டும். கட்டையோ நேரானது. எல்லாத் தந்தியையும் ஒரே கோட்டில்தான் அமுக்கும். திறந்த தந்திகளில் எந்தக் கார்ட் கட்டியிருக்கிறதோ, அதையே மேலும் கீழும் சுமந்து திரியலாம், அவ்வளவுதான். கட்டையைச் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு வேறுவேறு சுருதி கட்டிய இரண்டு, மூன்று, நாலு கழுத்துகளை ஒரே மேசையில் அடுக்கினார்கள். கைகளால் ஆனது அத்தோடு தீர்ந்தது.

அடுத்துக் கால். கிப்சன் நிறுவனம் 1940-ஐ ஒட்டி எலெக்ட்ராஹார்ப் என்ற மிதி வைத்த கருவியைச் செய்தது. 1948-இல் கலிஃபோர்னியாவில் பால் பிக்ஸ்பி, ஸ்டீல் கலைஞர் ஸ்பீடி வெஸ்டுக்காக ஒன்றைச் செய்து கொடுத்தார். பெரும்பாலும் அன்று மிதியின் வேலை சுருதியை மாற்றி வைப்பதுதான். முதலில் மிதிப்பார்கள், பிறகு மீட்டுவார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டவர் பட் ஐசக்ஸ். வெப் பியர்ஸ் பாடி 1954-இல் வெளிவந்த ‘ஸ்லோலி’ பாட்டில் அவர் முதலில் மீட்டினார், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதித்தார். சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில் ஒன்று அசையாமல் நிற்க, மற்றவை அதை உரசிக்கொண்டு மேலேறின. இழுத்துப் பிடிக்கும் கமகம் நமக்குப் பழக்கம்தான். ஆனால் ஒரே மீட்டில் ஒரு சுரம் நிற்க மற்றது நகர்வது வேறு அனுபவம். அந்தப் பாட்டு 17 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஸ்டீல் கலைஞர்கள் பலரும் தங்கள் கருவியின் அடியில் ஏதாவது கம்பியைக் கட்டப் பார்த்தார்கள். ஜெர்ரி பேர்டோ மிதியே வேண்டாம் என்று நின்று, கடைசியில் ஹவாய்க்கே குடிபோய்விட்டார். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஐசக்ஸின் ஒரே மிதி செய்த வேலையை இரண்டாகப் பிரித்தவர் பட்டி எம்மன்ஸ். இன்று ஏ என்று பெயரிட்ட மிதி, பி சுரத்துக்குக் கட்டிய தந்திகளை முழுச்சுரம் ஏற்றுகிறது. பி என்று பெயரிட்ட மிதி, ஜி ஷார்ப் தந்திகளை அரைச்சுரம் ஏற்றுகிறது. தனித்தனியாகவும் மிதிக்கலாம், பாதத்தைச் சாய்த்து இரண்டையும் சேர்த்தும் மிதிக்கலாம். ஜிம்மி டே இதே மிதிகளை வலம் இடமாக மாற்றி வைத்துக்கொண்டார். கருவி செய்து தரச் சொன்னால் இன்றும் செய்பவர் கேட்கும் கேள்வி, எம்மன்ஸ் வரிசையா டே வரிசையா என்பதுதான். 1962-இல் எம்மன்ஸ் இன்னும் இரண்டு தந்திகளைச் சேர்த்தார். நாஷ்வில்லில் நிலைத்துப்போன ஈ9 என்ற பத்துத் தந்திச் சுருதி அப்படி முழுமை பெற்றது.

இனிதான் சிக்கல். வலது பாதம் வால்யூம் பெடலை விட்டு எழ முடியாது. மிதிகள் எல்லாம் இடது பாதத்தின் பொறுப்பு. ஒரு பாதத்தால் பக்கத்துப் பக்கத்து மிதிகள் இரண்டைத்தான் சேர்த்து அழுத்த முடியும். ஏ மிதியோடு சேர்ந்தே ஒலிக்க வேண்டிய புது மாற்றத்தை நாலாவது மிதியில் வைத்தால் கால் எட்டாது. கைகள் இரண்டும் மேலே, பாதங்கள் இரண்டும் கீழே. உடம்பில் மிச்சமிருந்தது முழங்கால். திருப்பூர் பனியன் கம்பெனித் தையல் மிஷினில் இதே கணக்கைப் பார்க்கலாம். இரண்டு கையும் துணியில், கால் மிதியில். துணியை அழுத்தியிருக்கும் பாதத்தைத் தூக்க, தைப்பவர் மேசைக்கடியில் உள்ள பட்டையை வலது முழங்காலால் தள்ளுகிறார். இசைக்கருவிக்கும் இது முற்றிலும் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கால் ஆர்மோனியங்களில் ஒலியைக் கூட்ட முழங்கால் பட்டை இருந்தது. ஸ்டீல் கிட்டாருக்கு இதைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஜேன் பெக்கின் பெயரைச் சொல்கிறார்கள்.

முழங்கால் மூன்று திசையில் தள்ளும். இடம், வலம், மேல். இரண்டு முழங்காலுக்கும் சேர்த்து வழக்கமாக நாலு அல்லது ஐந்து லீவர். வாசிக்க வருபவரைக் குழப்புவது இதுதான்: எந்தத் திசைக்கு எந்தச் சுரம்? எனக்கு இதில் தயக்கமே இல்லை. முதலில் ஈ தந்திகளைக் கவனியுங்கள், 4-ஆவதும் 8-ஆவதும். அவற்றை அரைச்சுரம் ஏற்ற ஒரு லீவர், அரைச்சுரம் இறக்க ஒரு லீவர். இந்த இரண்டும் இருந்தால் கருவி முழுசு.

ஏன் என்பதை ஜி கார்டை வைத்துப் பார்க்கலாம். ஒன்றையும் அழுத்தாமல் 3-ஆம் மெட்டுக் கோட்டில் கட்டையை வைத்தால் ஜி. ஏ, பி மிதிகள் இரண்டையும் அழுத்திக்கொண்டு 10-ஆம் மெட்டில் வைத்தாலும் ஜி. நடுவில் ஏழு மெட்டு வெற்றிடம். பாட்டு அந்த இடைவெளியில் நடந்தால் கட்டை தாவித் தாவி ஓட வேண்டியிருக்கும். ஏ மிதியோடு, ஈ தந்திகளை ஏற்றும் லீவரையும் அழுத்திக்கொண்டு 6-ஆம் மெட்டில் வையுங்கள். அங்கேயும் ஜி. வெற்றிடத்தின் நடுவே ஒரு படிக்கட்டு முளைத்துவிடுகிறது. ஏ மிதிக்காகப் பாதம் இடப்பக்கம் சாயும்போது முழங்காலும் இடப்பக்கம் போகத்தான் பார்க்கும். அதனால் எம்மன்ஸ் வரிசையில் இந்த லீவர் இடது முழங்காலின் இடப்பக்கம் நிற்கிறது. உடம்பு தானாகப் போகிற வழியிலேயே சுரத்தை வைத்துவிட்டார்கள்.

இறக்கும் லீவரின் வேலை வேறு. கட்டையை 3-ஆம் மெட்டை விட்டு அசைக்காதீர்கள். இரண்டு மிதியையும் அழுத்தினால் சி. மிதியை விட்டு இறக்கும் லீவரை மட்டும் தள்ளினால் பி மைனர். அதோடு பி மிதியைச் சேர்த்தால் டி7. மீண்டும் ஜி-க்கு வரக் காலைத் தளர்த்தினால் போதும். ஒரு பாட்டின் முக்கால்வாசி, கை நகராமல் முடிந்துவிடுகிறது. பலர் இதை இடது முழங்காலின் வலப்பக்கம் வைக்கிறார்கள். ஒரே தந்தியை ஒரே நேரத்தில் ஏற்றவும் இறக்கவும் யாருக்கும் தேவையில்லை, ஒரு முழங்காலால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் போகவும் முடியாது. அதனால் இரண்டையும் ஒரே முழங்காலுக்குக் கொடுத்தால் நஷ்டமில்லை என்பது அவர்கள் கணக்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிப் போக விரும்புகிறவர்கள் இறக்கும் லீவரை வலது முழங்காலுக்கு மாற்றுகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

லீவரைத் தள்ளும்போது அடியில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முழங்கால் ஓர் அங்குலம் நகர்கிறது. குறுக்குத் தண்டு கொஞ்சம் திரும்புகிறது. கொண்டி சாய்ந்து கம்பியை இழுக்கிறது. வலது கோடியில் தந்தி வளைந்து இறங்கும் அலுமினிய விரல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சாய்கிறது. தந்தி இறுகுகிறது. காலை எடுத்தால் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து வைக்கிறது. இழுகம்பியைக் கொண்டியின் எந்தத் துளையில் மாட்டுகிறோம் என்பதுகூட முழங்காலுக்குத் தெரியும். தண்டிலிருந்து தள்ளியிருக்கும் துளையில் மாட்டினால் லீவர் சட்டென்று முடியும், ஆனால் கனக்கும். கிட்டே மாட்டினால் லேசாக இருக்கும், ஆனால் நெடுந்தூரம் தள்ள வேண்டும். கம்பியின் முனையில் ஒரு நைலான் திருகு. ஏற்றிய சுரத்தின் சுருதியை அதில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். ஈ-யை ஏற்றும் லீவரை மின்சுருதிமானி காட்டும் இடத்தில் வைத்தால் கார்ட் கரகரக்கும். அந்தச் சுரம் அங்கே கார்டின் காந்தாரம். தம்புராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம் போல அதைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால்தான் சேரும்.

மூன்றாவதாக நான் சேர்ப்பது 2-ஆம் தந்தியை இறக்கும் லீவர். அரைச்சுரம் இறங்கியதும் முழங்காலில் சின்னதாக ஒரு முட்டுத் தெரியும். அதையும் தாண்டி அழுத்தினால் இன்னொரு அரைச்சுரம். ஒரே லீவரில் இரண்டு படி. அந்த முட்டுதலை உணர முழங்காலைப் பழக்க மாதக்கணக்கில் ஆகும். வலது முழங்காலில் இருந்தால் கூடுதல் வேலை: முழங்கால் அசையும்போது அதே காலின் பாதம் வால்யூம் பெடலில் ஆடும், ஒலி மூச்சு வாங்கும். புதிதாக வாசிப்பவரை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அதன்பிறகு பி தந்திகளை இறக்கும் மேல்நோக்கிய லீவர். முழங்காலைத் தூக்கினால் அது வேலை செய்யும். வெறும் மைனர் கார்டுக்காக அது தேவையில்லை, ஏ மிதி ஒன்றே ஒரு மைனரைத் தந்துவிடும். மிதிகளை அழுத்தி சி மேஜரில் நிற்கும்போது, அங்கேயே சி மைனராக முகம் வாட வேண்டும் என்றால்தான் இது வேண்டும். நாட்டுப்புறக் காதல் பாட்டுகளில் அந்த வாட்டம் வரும் இடம் எனக்கு உயிர். அதனால் முதல் தந்தியை ஏற்றும் லீவரைவிட இதற்குத்தான் முன்னிடம் தருவேன். முதல் தந்தி லீவர் அழகான சங்கதிகளைக் கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்காகப் பாட்டு காத்து நிற்பதில்லை.

கருவி இதற்குள் நெடுந்தூரம் போய்விட்டது. லாயிட் கிரீன் 1968-இல் பேர்ட்ஸ் குழுவின் ராக் பதிவுக்கு அதைக் கொண்டுபோனார். நைஜீரியாவில் கிங் சன்னி அடேயின் ஜுஜு இசையில் டெமோலா அடேபோஜு வாசித்தார். கறுப்பின மக்களின் ஹவுஸ் ஆஃப் காட் தேவாலயங்களில் அது ஆராதனையின் குரலானது. ராபர்ட் ராண்டால்ஃப் அங்கிருந்து வந்தவர்.

பழைய கருவி ஒன்றைப் புரட்டிப் போட்டால் அடிப்பலகை முழுக்கத் திருகு போட்ட துளைகள் கிடக்கும். லீவரே இல்லாத நாளில் செய்த பலகையில் பிற்பாடு ஒன்று சேர்த்திருப்பார்கள், அதைக் கழற்றி இரண்டு அங்குலம் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள், கருவி கைமாறியதும் புதியவர் தன் தொடை நீளத்துக்கு மறுபடி நகர்த்தியிருப்பார். வாங்கப் போகிறவர் முதலில் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏ மிதியில் பாதத்தை வைத்து, இடது முழங்காலை இடப்பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும். பட்டை அங்கே முழங்காலில் தட்டுகிறதா, தட்டினால் 4-ஆவதும் 8-ஆவதும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று கேட்டுவிட்டு, பிறகு விலையைப் பேசலாம்.