சீரியல் கம்பியின் சரித்திரம்

தென் கெடாவில், கோல மூடா மாவட்டத்துச் சிடாம் கிரியிலும் அதற்கப்பாலுள்ள பாடாங் செராய், லூனாஸ் வட்டாரங்களிலும் பால்மரத்தை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் சரித்திரத்தை எழுதுவோர், பெரும்பாலும் கங்காணி, லயம், தோட்டத் துண்டாடல் என்பவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; ஆனால் 1972-இல் பினாங்கில் இன்டெல் ஸ்தாபனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அமைத்தது முதல், 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது வரையிலான காலத்தில், பால்வெட்டுக் கத்தி பிடித்தவர்களின் புதல்வியர் பலர் விடியுமுன் பேக்டரி பஸ் ஏறிப் போய், உருப்பெருக்கியின் கீழ்ச் சில்லுகளுக்கு மயிரிழைத் தங்கக் கம்பி பொருத்தினார்கள் என்பதும் அதே சரித்திரத்தின் ஓர் அத்தியாயமே. அவர்களுடைய கண்ணொளி கலந்த யந்திரங்களின் பூர்வ கதை நமக்கு அந்நிய விஷயம் அல்ல.

அந்தக் கதையில் சீரியல் கம்பிக்கு முக்கியமான ஸ்தானம் உண்டு. ஓர் எழுத்தைப் பல பிட்டுகளாகப் பிரித்து, ஒரே இழையில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இம்முறை தந்தி யந்திரங்களின் வாரிசு. அதன் வேகத்துக்கு இன்றும் வழங்கும் ‘பாட்’ என்ற அளவு, பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரால் வந்தது. அமெரிக்க மின்னணுத் தொழில்கள் சங்கம் 1960-இல் ஆர்.எஸ்.-232 என்ற நியமத்தை வெளியிட்டு, 1969-இல் அதைத் திருத்தி, இழையில் எதிர் மின்னழுத்தம் நின்றால் ஒன்று, நேர் மின்னழுத்தம் நின்றால் சூன்யம் என்று எல்லோரும் வாசிக்கும்படி எழுதிவைத்தது. எந்த ஒரு கம்பெனியின் இரகசியமாகவும் இல்லாமல் பொதுவில் எழுதப்பட்டதே அதன் தீர்க்காயுளுக்குக் காரணம் என்று நான் திடமாக நம்புகிறேன்.

1983-இல் ஜப்பானின் கியோசெரா செய்து, ரேடியோ ஷாக் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100 இதற்கு நல்ல திருஷ்டாந்தம். நான்கு சிறு பேட்டரிகளில் ஓடி, 40 எழுத்து அகலமும் 8 வரி உயரமும் கொண்ட திரையில் எழுத்தைக் காட்டிய இந்தக் கைக்கணிப்பொறியைப் பத்திரிகை நிருபர்கள் மடியில் வைத்துத் தட்டெழுதி, தொலைபேசி வழியே வினாடிக்கு முப்பது எழுத்தாக ஆசிரியர் கூடத்துக்கு அனுப்பினார்கள். அதன் 32 கிலோபைட் நினைவகம் நிறைந்திருந்தால், அனைத்தையும் அவ்வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய 18 நிமிஷங்கள் ஆகும். சீரியல் கம்பியில் 9600 பாட் வேகத்தில் 35 வினாடி கூட ஆகாது. இன்றைய மடிக்கணினியில் சீரியல் கம்பியைச் செருகும் துளை இல்லையென்றாலும், யுஎஸ்பி மாற்றி ஒன்றைச் செருகினால் அதே பேச்சு நடக்கிறது. பழைய 25 ஊசி இணைப்பில் 2 அனுப்புவது, 3 வாங்குவது. மாற்றியின் 9 ஊசி இணைப்பில் அது தலைகீழ். ஆகவே 2-ஐ 2-ஓடும், 3-ஐ 3-ஓடும், தரையான 7-ஐ 5-ஓடும் சேர்க்கும் மூன்று இழைகளே செய்தியைச் சுமப்பவை. வாங்கும் மாற்றி ஆர்.எஸ்.-232-இன் அழுத்தத்தைத் தாங்கக்கூடியதா என்று மட்டும் முன்னதாக விசாரிக்க வேண்டும், வெறும் 3.3 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டது கெட்டுப்போகும்.

ஆங்கிலத்துக்கு இவ்வளவு போதும். தமிழுக்குப் போதாது; என் கவலையும் அங்கேதான் தொடங்குகிறது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கிய பிறகு, ஆலயக் குழுவின் கணக்கும், பள்ளி ஆண்டு மலரும், மன்றங்களின் தீர்மானங்களும் கணிப்பொறியில் தமிழாகவே எழுதப்படக்கூடிய காலம் பிறந்தது. யூனிகோடு 1991-இலேயே தமிழுக்கு இடம் அளித்தபோதிலும், அது வழக்கத்துக்கு வரும்வரை தமிழெழுத்து டிஸ்கி, 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப் முதலிய குறியீடுகளில், 128-க்கு மேற்பட்ட எண்களில் குடியிருந்தது. அந்த எண்களை அறிவிப்பது எட்டாவது பிட். கம்பியின் இரு முனைகளிலும் ஏழு பிட் என்று அமைத்துவிட்டால், ஆங்கிலம் பழுதின்றி வந்து சேரும். தமிழோ தன் எட்டாவது பிட்டை இழந்து, அர்த்தமற்ற ரோமன் எழுத்துகளாக உதிரும். இழந்த பிட்டை வந்த கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. மூல யந்திரத்திலிருந்து மறுபடி அனுப்பினால்தான் உண்டு. பிளாப்பி டிரைவ் செயலிழந்து, சீரியல் துளை ஒன்றே வாசலாக எஞ்சிய 1990-களின் மடிக்கணினியில் அந்த இரண்டாம் சந்தர்ப்பத்தை நம்பியிருக்க முடியாது.

எட்டுப் பிட்டும் முழுமையாக வந்தபின் இன்னொரு காரியம் மிஞ்சுகிறது. பழைய குறியீடுகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், ‘கெ’ என்பதற்குக் கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னும் வைத்தன. யூனிகோடு உச்சரிப்பு வரிசையைப் பின்பற்றி, ககரத்துக்குப் பின்னால் கொம்பைச் சேர்க்கிறது. எனவே எண்ணை மாற்றினால் போதாது, இடத்தையும் மாற்ற வேண்டும்; இதைச் செய்யும் மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் எந்தக் குறியீட்டிலிருந்து மாற்றுவது என்பதை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகையால், அலமாரியில் பழைய மடிக்கணினி வைத்திருக்கும் ஆலயக் குழுவினர், எட்டுப் பிட், பாரிட்டி என்னும் சரிபார்ப்புப் பிட் இல்லை, ஒரு நிறுத்தப் பிட் என்று இரு முனைகளையும் அமைத்து, கோப்புகளை முதலில் வந்தபடியே சேமித்து, அந்த யந்திரத்திலுள்ள எழுத்துருக்களின் பெயர்களையும் குறித்துவைத்த பிறகே மாற்றும் வேலையைத் தொடங்குவது உசிதம்.